பிள்ளையின் கையில் ஒரு ஸ்பேனர் கொடுப்போம்



தேர்வில் நல்ல பெயர் எடுத்த பிள்ளைக்கு மிதிவண்டி வாங்கித் தருவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். கடைக்குப் போகிறோம், பிள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது, பணத்தைக் கட்டி வண்டியைக் கொண்டு வருகிறோம். சில மாதங்களில் சங்கிலி துருவேறி, பிரேக்குத் தளர்ந்து, வண்டி வீட்டின் பின்புறத்தில் சாய்ந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யப் பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இம்முறை முழு வண்டியை வாங்காமல், புதிய சட்டம் ஒன்றை மட்டும் வாங்கி, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிள்ளையோடு வீட்டிலேயே ஒரு மலைமிதிவண்டியைப் பூட்டினால் என்ன? ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடியக்கூடிய வேலைதான்.

இதனால் பணம் மிச்சமாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கினால் பெரும்பாலும் முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். தொழிற்சாலைக்குக் கிடைக்கும் மொத்த விலை நமக்குக் கிடைப்பதில்லை. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் கல்விக் கட்டணம் என்றே கொள்ள வேண்டும். அதற்கு இயலாதவர்கள் பழைய வண்டி ஒன்றை முழுதும் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டலாம். பாடம் ஒன்றே.

அப்படி என்ன பாடம்? திருகை வலப்பக்கம் சுழற்றினால் இறுகும் என்று பிள்ளை அறிந்திருக்கும். ஆனால் இடது பெடலில் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கிறது. மரை வைத்த பாட்டம் பிராக்கெட்டில் பொதுவாகச் சங்கிலி ஓடும் வலப்பக்கத்துக் கிண்ணமும் அப்படியே. ஓட்டும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. விதி ஒன்று உண்டு, விலக்கு ஒன்று உண்டு, விலக்குக்கும் காரணம் ஒன்று உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்றியும் விளக்காது.

விகிதம் நடத்துகிறோமே, அதுவும் இங்கே இருக்கிறது. முன்பல்சக்கரத்தில் 32 பற்கள், பின்னால் 16 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். பின்னால் 32 பற்களுக்கு மாற்றினால் ஒன்றுக்கு ஒன்று. மேடேறும்போது கால் இலேசாவதன் கணக்கு இதுதான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர். கைப்பிடியைப் பிடிக்கும் திருகுகளின் அருகே 5 நியூட்டன் மீட்டர் என்பது போன்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் மரை அழியும். டிஸ்க் பிரேக்கின் தட்டில் எண்ணெய்க் கை பட்டால் பிரேக்குப் பிடிக்காது. முன்கவையின் தண்டை ஒரு முறை அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. ஆகவே இரு முறை அளக்க வேண்டும். பொறுமையைப் பற்றி நாம் ஆண்டு முழுவதும் பேசுகிறோம். அந்தத் தண்டு ஒரு மாலைப்பொழுதில் அதைக் கற்பித்துவிடுகிறது.

மலைமிதிவண்டி பிறந்த கதையும் இத்தகையதே. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், பழைய தடித்த டயர் மிதிவண்டிகளைத் தாங்களே மாற்றியமைத்து மலைச்சரிவுகளில் ஓட்டினார்கள். இறக்கத்தில் பின்சக்கர பிரேக்குச் சூடேறி, உள்ளிருந்த கிரீசு எரிந்துபோகும். மீண்டும் கிரீசு நிரப்ப வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது. 1977-இல் ஜோ பிரீஸ் இத்தகைய ஓட்டத்திற்கெனவே சட்டங்களைச் செய்யத் தொடங்கினார். தட்டிக் கொட்டிப் பார்த்த கைகளே ஒரு புதிய வண்டியை உலகுக்குத் தந்தன.

நம் பிள்ளைகளிடமும் அந்தத் துறுதுறுப்பு இருக்கிறது. அது வழிகாட்டுவாரின்றி எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி ஓட்டும் ‘பாசிக்கால் லாஜாக்’ நாம் அறியாததன்று. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பின்னிரவில், அத்தகைய மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி மாண்டனர். அந்தச் செய்திக்குப் பிறகு தடை, கண்காணிப்பு என்றெல்லாம் பேசினோம். பிரேக்கைக் கழற்றத் தெரிந்த பிள்ளைக்கு அதைப் பூட்டவும், அது ஏன் வேண்டும் என்று உணரவும் யார் கற்றுக் கொடுத்தோம்? தன் கையால் பிரேக்கைப் பொருத்தி, அது பிடிப்பதைக் கண்ட பிள்ளை அதை எளிதில் கழற்றி எறியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நேரமில்லை என்பார்கள் சிலர். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் டியூஷன் நேரத்தை நாம் குறைத்துக்கொண்டோமா? அதற்குப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். இருக்கிறது. முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் நிற்கும் வகுப்பில், ஒவ்வொரு கைக்கும் ஒரு ஸ்பேனர் எட்டுவதில்லை. வீட்டில் எட்டும்.

பெற்றோர்க்குச் சில சொற்கள். சிறப்புக் கருவி கேட்கும் ஹெட்செட் போன்ற வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள். ஓட்டுவதற்கு முன் பிரேக்கையும் சக்கரங்களையும் விவரம் அறிந்த ஒருவர் பார்க்கட்டும். பெண்பிள்ளையையும் கூப்பிடுங்கள். பிள்ளை தடுமாறும்போது ஸ்பேனரைப் பிடுங்காதீர்கள். வேலை நடக்கும்போது தமிழில் பேசுங்கள்: சட்டம், மரை, கண்ணி, பல், அச்சு. பால்வாளியை மிதிவண்டியில் கட்டிப் பால்மரக்காட்டுக்குப் போன நம் தாத்தாமார் தங்கள் வண்டியைத் தாங்களே பழுது பார்த்தார்கள். அவர்களோடு அந்தத் திறனும் சொற்களும் சேர்ந்தே மறைகின்றன.

வருகின்ற விடுமுறையில் ஒரு வீடாவது தொடங்கட்டும். பிள்ளையின் கையில் கொஞ்சம் கிரீசு ஒட்டட்டும். சவர்க்காரம் போட்டால் போய்விடும்.