பதினெட்டாவது வரியில் நம் தோல் ஷாப்பு



வாணியம்பாடி, ஆம்பூர் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் எங்கே போகிறார்கள்? டாலர் விலைக்குப் போகிறார்கள். ஐரோப்பிய ஆர்டருக்குப் போகிறார்கள். செயற்கைத் தோல் வந்து சந்தையைக் கெடுத்த கதைக்கும், கோர்ட்டு கேசுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகிறார்கள். ஊர் நடுவே நிற்கும் நகராட்சி அலுவலகத்துக்கு மட்டும் யாருடைய பேச்சும் போவதில்லை. ஊர் நொடிந்ததற்கும் ஊர் நிமிர்வதற்கும் அந்தக் கட்டிடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா?

அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 74-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தகுந்த 18 பணிகளின் பட்டியல் அது. குடிநீர் இருக்கிறது, துப்புரவு இருக்கிறது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு இருக்கிறது. கடைசி வரி, பதினெட்டாவது வரி என்ன தெரியுமா? இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளையும் ஒழுங்குபடுத்துதல்! இந்தியா முழுமைக்கும் எழுதப்பட்ட பட்டியலில் நம் தொழிலின் பெயர் ஏறியிருக்கிறது. பாலாற்றங்கரையில் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறோம்?

மாநில அரசு இந்தப் பணிகளை ஒப்படைக்கலாம் என்பதுதான் சட்டம். ஒப்படைத்தே தீர வேண்டும் என்பதல்ல. அந்த ஒரு 'லாம்' போதும், முப்பது ஆண்டுகளை விழுங்குவதற்கு. அதிகாரம் சென்னையிலுள்ள வாரியத்திடம் இருந்தது. தீர்ப்பு டில்லியிலிருந்து வந்தது. இடையில் ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் சாக்கடை மூடிக்கு டெண்டர் விட்டுக்கொண்டிருந்தது.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்தது. ஏற்றுமதி பெருகியது, பணம் வந்தது, மாளிகைகள் எழுந்தன, கல்விக்கூடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அள்ளிக் கொடுத்தோம். மறுக்கவில்லை. ஆனால் பாலாறு உப்பாகிப் போனது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பில், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டது என்ற ஆய்வுக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை மூட வேண்டும் என்றானது. பிறகு 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுதியது.

"நம் தொழிலைக் குறிவைத்துச் செய்கிறார்கள்" என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. நான் கேட்கிறேன்: டேனரிக்குப் பின் தெருவில் குடியிருக்கும் நம் கூலித் தொழிலாளியின் வீட்டுக் கிணற்றை யார் குறிவைத்தார்கள்? பாலாற்றங்கரை ஊர் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறதே, அது யார் செய்த சதி?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றில் விழுவது தோல் கழிவு மட்டுமல்ல. ஊரின் சாக்கடையும் குப்பையும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அது நகராட்சியின் பொறுப்பு. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சிறு முதலாளிகள் பணம் கட்டித் தவிக்கிறார்கள். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரச் செலவு அவர்கள் முதுகை ஒடிக்கிறது. பிரித்த உப்பைக் கொட்ட இடமில்லை. இந்த நியாயத்தை அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்ல முதலாளிகள் சங்கம் போனால், "மாசுபடுத்தியவன் பேசுகிறான்" என்பார்கள். விவசாயி, தொழிலாளி, கடைக்காரர், முதலாளி நால்வரும் ஓட்டுப் போட்ட மன்றம் தீர்மானம் போட்டுக்கொண்டு போனால் யார் அப்படிச் சொல்ல முடியும்? ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மன்றம் முதலில் தன் சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும்.

இதற்குத் தகுந்த தலைமையை நாம் தேடுகிறோமா? சேர்மன் பதவி நமக்கு ஒரு மாலை மரியாதை. பெரிய வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் கௌரவம். 1996, 2001, 2011-இல் மக்களே நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வார்டில் யாரை அனுப்புகிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. நாமோ ஜமாஅத்தில் உட்கார்ந்து எந்தக் குடும்பம், எந்தத் தெரு என்று கணக்குப் போடுகிறோம். பட்ஜெட்டைப் படிக்கத் தெரியுமா என்று ஒருவரையும் கேட்பதில்லை. பள்ளிவாசல் ஹவ்ளில் தண்ணீர் குறைந்தால் முத்தவல்லியைப் பிடித்து உலுக்குகிற நாம், தெருக் குழாய் வறண்டால் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறோம். இரண்டுமே அமானிதம் அல்லவா?

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. வரி ஒருநாள் நின்றதா? நிற்கவில்லை! 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது கடைவீதி கொதித்தது. நியாயம்தான். ஆனால் உயர்ந்த வரி எந்தத் தெருவுக்கு வந்தது என்று பின்னால் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? வரியைக் குறைக்க ஆள் பிடிப்பது எளிது. வரிக்குக் கணக்குக் கேட்பதுதான் வியாபாரிக்கு அழகு. தன் கடையில் பத்து ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் பேரேட்டைப் புரட்டுகிறவர் அல்லவா அவர்?

பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டமானது. நம் ஊர்களில் கையெழுத்து அவருடையது, நாற்காலி கணவருடையது என்று நடப்பதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியற்காலை பஸ்ஸின் நெரிசலும், கழிப்பறை இல்லாத அவதியும், தண்ணீர் வராத நாளின் கஷ்டமும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவரை நிறுத்தத் துணிவிருக்கிறதா நமக்கு?

இளைஞர்களே! பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவது உங்கள் உரிமை. சென்னை–பெங்களூர் சாலையும் ரயிலும் நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஏறிப் போவது சுலபம். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேலை சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடந்த ஐந்தாண்டு நகராட்சித் தீர்மானங்களின் நகலை வாங்குங்கள். பாலாறு என்ற சொல் அதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 2022 நவம்பர் 1-இல் தமிழகத்தில் ஏரியா சபைகள் தொடங்கின. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது, அடுத்து எப்போது கூடும் என்று கவுன்சிலரிடம் போய்க் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.