நிலம் வாங்கிய இறைவாக்கினர்

தேர்வு நெருங்கிவிட்டால் நம் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. நவநாள் புத்தகங்கள் கைமாறுகின்றன. கணக்குக்கு ஒரு புனிதர், அறிவியலுக்கு வேறொரு புனிதர் என்று பங்கிட்டுக்கொள்ளும் தோழியரும் உண்டு! செபிப்பது நன்றே. ஆனால், "நீர் இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன்" என்பது வாணிபமேயன்றி விசுவாசம் ஆகாது என்பது என் கருத்து. அருட்சகோதரியர் பொறுத்தருள்க. கடவுள் தந்த வாக்குறுதியை நம்புவது வேறு. நம் ஆசையை அவர் வாயில் வைத்துவிட்டு, அதை அவருடைய வாக்குறுதி என்று அழைப்பது வேறு.

நாம் பாடநூல்களுக்குள் அடையாளமாக வைக்கும் வண்ண அட்டைகளில் அடிக்கடி காணும் ஒரு வசனம் எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆண்டவர் நம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் நன்மைக்கே என்னும் பொருளுடையது. அது யாருக்கு எழுதப்பட்டது என்று நாம் சிந்தித்ததுண்டா? கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமின் அரசனையும், கைவினைஞரையும், கொல்லரையும் சிறைப்பிடித்துச் சென்றான். அந்தக் கைதிகளுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அவ்வசனத்துக்குச் சற்று முன்னால் ஒரு கணக்கு வருகிறது: 70 ஆண்டுகள். அதாவது, கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் பாபிலோனிலேயே கண்மூட வேண்டியவர்கள். அட்டைகளில் இந்தக் கணக்கை யாரும் அச்சிடுவதில்லை.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொருவன் வருகிறான். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், கோவில் பாத்திரங்களும் வந்து சேரும் என்று அவன் மக்கள் முன் முழங்கினான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் போட்டான். மக்கள் எந்தப் பேச்சை விரும்பியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? எரேமியாவுங்கூட, அப்படியே நடக்கட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கு மட்டும் ஆசை இராதா? ஆனால் தன் ஆசையை அவர் இறைவாக்கு என்று விற்கவில்லை. கைதிகளிடம் அவர் சொன்னது வேறு. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்த அந்நிய நகரத்துக்காகவும் மன்றாடுங்கள் என்றார்.

அனனியாக்கள் இன்றும் இருக்கிறார்கள். நோயுற்ற தாய்க்காக இரவெல்லாம் செபமாலை சொன்ன ஒரு பிள்ளை, தாயை அடக்கம் செய்துவிட்டு வந்து நிற்கும்போது, "உன் விசுவாசம் போதவில்லை" என்று சொல்லக் கூசாதவர்கள் உண்டு. இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று மன்றாடினாரே இயேசு, அவருடைய விசுவாசமா குறைந்துபோயிற்று? தம் சீடருக்கு உலகில் துன்பமே வராது என்று அவர் வாக்களிக்கவில்லை. வரும் என்றே சொன்னார். எந்நாளும் உடனிருப்பேன் என்றும் சொன்னார். அவர் தந்த வாக்குறுதி இந்த உடனிருப்புத்தான். நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அப்படியானால் நம்புவது என்பது கைகட்டிக் காத்திருப்பதா? எரேமியாவையே பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. அவரோ காவற்கூடத்தின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, சொந்த ஊரான அனாத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரியின் கைக்குப் போகப்போகும் நிலத்தை யாராவது வாங்குவார்களா? எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரையிட்டார். நெடுநாள் கெடாதிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார் என்பதே அவருக்கிருந்த ஒரே ஆதாரம். இவ்வளவும் செய்த பின், ஏன் வாங்கச் சொன்னீர் என்று ஆண்டவரிடமே கேட்கவும் செய்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஐயம் எழுந்தது உண்மை. ஆனால் அதற்குள் பணம் கைமாறிவிட்டது.

நகரம் வீழ்ந்தது, கோவில் எரிந்தது. எரேமியாவை அவருடைய மக்களே எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக விவிலியத்தில் எங்கும் இல்லை. கி.மு. 538இல் பாரசீக மன்னர் சைரசு யூதர்கள் நாடு திரும்ப அனுமதித்தார். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்ரா நூலின் 2ஆம் அதிகாரத்தில் ஊர் வாரியாக இருக்கிறது. வாசிக்கச் சலிப்பூட்டும் பட்டியல்தான். நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவோம். அதில் அனாத்தோத்து ஊராரின் கணக்கும் உண்டு: 128 பேர்.