குசும்பாப் பூவும் கருப்பட்டியும்



கல்லூரிகள் திறந்துவிட்டன. உடன்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற காலை நேரத்துப் பேருந்துகளில் மறுபடியும் பிள்ளைகள் கூட்டம். கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் உடன்குடியிலிருந்து ஒரு மாணவி எனக்கு எழுதினார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவர்.

“லீவு முழுக்க அனிமேதான் பார்த்தேன். கோச்சிங் போகவில்லை, டைப்பிங் படிக்கவில்லை. ‘பொம்மைப் படத்தப் பாத்துக்கிட்டே கெடக்கியே, நாளைக்கு இதா சோறு போடும்?’ என்று அம்மா தினமும் ஏசுகிறாள். நான் கோடையை வீணாக்கிவிட்டேனா?” என்பது அவருடைய கேள்வி.

இல்லை மகளே, வீணாக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை எல்லா வாசகர்களும் கேட்கும்படி இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

இவர் ஆரம்பித்தது ‘நருட்டோ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரில். அந்தத் தொடர் 220 பாகம், அதன் தொடர்ச்சியான ‘ஷிப்புடென்’ 500 பாகம். ஒரு பாகம் சுமார் 23 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 270 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நேரத்தைக் கணக்குப் பார்க்கிற பெற்றோருக்கு வயிறு எரியும், நியாயம்தான். ஆனால் கதையைக் கேளுங்கள். ஊரே ஒதுக்கிவைத்த ஓர் அநாதைப் பையன், ஒருநாள் இந்த ஊருக்குத் தலைவனாவேன் என்று சொல்லிச் சொல்லியே வளர்கிறான். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அது பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்?

போக்கிமான், டோரேமான், ஷின்சான் எல்லாம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. 2022இல் சோனி யாய் அலைவரிசையில் நருட்டோவும் தமிழ் பேசினான். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கே வந்தது. எங்கோ தூரத்து நாட்டுப் பழக்கம் நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டதாகப் பெரியவர்கள் பேசும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்கு அது தூரமே இல்லை. நாலு வயதிலிருந்து கூடவே இருக்கிறது.

கடிதத்தின் பின்பாதிதான் என்னை இந்தப் பக்கத்தை எழுதவைத்தது. மே மாதக் கடைசியில், சண்டைக் கதைகள் அலுத்துப்போய், இவர் ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்ற படத்தைப் பார்த்திருக்கிறார். “முதல் அரை மணி நேரம் தூக்கம் தூக்கமாக வந்தது, அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்” என்கிறார்.

கிப்லி ஸ்டூடியோவுக்காக இசாவோ தகஹாதா 1991இல் இயக்கிய படம் அது. டோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் தயேகோ, விடுமுறை எடுத்துக்கொண்டு இரவு ரயிலேறி யமகதா என்ற நாட்டுப்புறப் பகுதிக்குப் போகிறாள். சுற்றிப் பார்ப்பதற்கு இல்லை, குசும்பாப் பூ பறிக்கும் வேலையில் கூடமாட நிற்பதற்கு. பனி ஈரத்தில் முள் மெத்தென்றிருக்கும் விடியற்காலையில் பூவைக் கிள்ளுகிறார்கள். அலசுகிறார்கள், மிதிக்கிறார்கள், புளிக்கவைக்கிறார்கள், இடித்து வட்டமாகத் தட்டி வெயிலில் காயப்போடுகிறார்கள். அதிலிருந்துதான் உதட்டுக்குப் பூசும் சிவப்புச் சாயம். முள் குத்தக் குத்த அந்தப் பூவைப் பறித்த பெண்கள் அந்தச் சாயத்தை ஆயுளில் ஒருதரம்கூடப் பூசிக்கொண்டதில்லை என்று படம் சொல்கிறது.

செலவையும் உழைப்பையும் மிச்சம் பிடிக்க, முகம் அசையாமல் வாய் மட்டும் அசைகிற மாதிரி வரைவது தொலைக்காட்சி அனிமேயில் பழகிப்போன முறை. தகஹாதா பெரியவர்களின் காட்சிகளில் நடிகர்களின் குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு, சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடுவரை அதற்கேற்ப வரையவைத்தார். ஒரு வேலையைச் செய்கிற மனிதர்களின் முகத்துக்கு இவ்வளவு மரியாதை!

படம் பார்த்த மறுநாள் விடியுமுன் இந்த மாணவி தேரிக்காட்டு ஓரத்துப் பனைவிளைக்குப் போயிருக்கிறார். கல்லூரி விடுமுறையும் பதநீர்ப் பருவமும் ஒன்றாக வருகிற ஊர் அது. பிறந்ததிலிருந்து பார்க்கிற விளைதான். “ஆனால் உட்கார்ந்து பார்த்ததில்லை” என்று எழுதியிருக்கிறார்.

அவர் பார்த்ததை அவர் எழுதியபடியே சொல்ல ஆசை, இடமில்லை. சுருக்கிச் சொல்கிறேன். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டி கட்டி ஏறுகிறார் பனையேறி. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லையென்றால் ஊறும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். மறுபடி சாயங்காலம் ஏறவேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வற்றத் தொடங்கும். இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். ஓலை வேய்ந்த விடிலிக்குள் அடுப்புப் புகையில் மணிக்கணக்காகக் கிண்டுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். பொங்கி வழியாமலிருக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடுகிறார். பாகில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்க்கிறார். பிறகு சிரட்டை சிரட்டையாக ஊற்றுகிறார். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இப்படித்தான் உருவாகிறது.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டாராம். ஆச்சி இருபது வயதிலிருந்து விடிலியில் நின்றவர். அவருடைய முன்கையில் இருக்கும் தழும்பு பாகு தெறித்ததால் வந்தது என்பதை இவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாராம்.

இந்த இடத்தில் நான் சிறிது நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பனையேறிக் குடும்பங்களில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதே மரத்தில் ஏறவிடக் கூடாது என்பதற்காகத்தான். விழுந்து இடுப்பொடிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கோடை வந்தால் கலயம் சுமக்கவும் ஓலை பொறுக்கவும் பிள்ளைகள் போன காலம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பேத்தி இன்று கோடை முழுக்கச் சும்மா படுத்துப் படம் பார்க்க முடிகிறது. அந்தச் சும்மா இருத்தல், ஆச்சி புகைக்குள் நின்று சம்பாதித்துக் கொடுத்தது. அதை அனுபவித்ததற்காக மகள் வெட்கப்பட வேண்டாம். இரவு தூக்கத்தை மட்டும் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும், அம்மா ஏசுவதில் அந்த ஒரு பங்கு எனக்கும் சம்மதம்.

படத்தில் இன்னொரு காட்சி. வயலையும் காட்டையும் ஓடையையும் பார்த்துத் தயேகோ இயற்கை என்று பூரித்துப்போகிறாள். கூட வரும் இளம் விவசாயி தோஷியோ, இவையெல்லாம் மனிதர்கள் கைபட்டு உண்டானவை என்கிறான். உடன்குடியின் செம்மண் தேரியைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களும் பனை தானாக முளைத்து நிற்பதாகவே நினைக்கிறார்கள். விளையின் எல்லையோரம் வரிசையாக நிற்கும் மரங்களைப் பாருங்கள். யாரோ குழி தோண்டிக் கொட்டை போட்டிருக்கிறார்கள். பனை பாளை விட 15 வருடமாவது வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று சொல்லி, 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. மகிழ்ச்சி. ஆனால் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அந்தக் கவலை எனக்குத் தீரவில்லை.

யமகதாவின் பூவை உலகம் பார்த்தது, ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதை வரையவைத்ததால். நம் விடிலியை அப்படி யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. ‘சில்லுக்கருப்பட்டி’ என்று 2019இல் ஓர் அருமையான தமிழ்ப் படம் வந்தது. அதன் கதைகள் நகரத்துக் கதைகள். விடிலிக்குள் போகிற படம் ஒன்றைப் பார்க்க எனக்கு ஆசை. கணினியில் வரையத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அனிமே பார்த்துப் பார்த்து, ஒரு முகத்தை எத்தனை கோட்டில் சொல்லலாம் என்று கண் பழகியவர்கள் இவர்கள்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்கள் மாணவர்களின் சித்திரக் கதைகளுக்கு. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் நடக்கிற ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூட இருந்து பார்த்து வரையுங்கள். கருப்பட்டி காய்ச்சுவது, மணப்பாட்டில் வலை பின்னுவது, பத்தமடையில் கோரைப்பாய் நெய்வது, எதுவானாலும் சரி. கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வேலை செய்கிறவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு வரையுங்கள். அச்சானதும் இதழின் ஒரு பிரதியை முதலில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பிரசுரமாகும் ஒவ்வொரு கதைக்கும் சன்மானம் உண்டு.

உடன்குடி மகளுக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் நான்கு பக்கங்களை ஆடி மாதத்துக்குள் அனுப்பச் சொல்லி.

அன்புடன்,
ஆசிரியர்