திரை கறுத்தால் திரைதான் பழுதா?

மடிக்கணினியை இயக்குகிறோம். விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. விசைப்பலகைக்கு மேலுள்ள சிறு விளக்கும் எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. "திரை போய்விட்டது" என்று நாமே முடிவுகட்டி, கடையிலும் அப்படியே சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறோம். திரை மாற்றப்படுகிறது. சில வேளை பழுது தீர்கிறது. சில வேளை புதுத் திரையும் ஒரு மாதத்தில் அதே மாதிரிக் கறுத்துவிடுகிறது.

பிழையான முடிவின் விலை பெரிது. திரைப் பலகம் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்தோம். அதே ஆண்டு மே மாதத்தில் அது 350 ரூபாவைத் தாண்டியது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பலகத்தை வீணாக வாங்குவது சின்னச் செலவல்ல. ஆகவே படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

திருகோணமலை நகருக்குக் குடிநீர் கந்தளாயிலிருந்து குழாய் வழியாக வருகிறது. ஒரு நாள் காலையில் நம் வீட்டுக் குழாயில் நீர் வராவிட்டால், உடனே குழாயைக் கழற்றி மாற்ற ஓடுவதில்லை. பக்கத்து வீட்டில் வருகிறதா என்று முதலில் கேட்கிறோம். மடிக்கணினிப் படத்துக்கும் இப்படி ஒரு நீண்ட பாதை உண்டு.

படம் உருவாவது தாய்ப்பலகையில். கணினியின் முக்கிய உறுப்புகள் எல்லாம் பொருந்தியிருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு அந்தப் பெயர். அங்குள்ள வரைகலைச் சில்லு, பெரும்பாலான கணினிகளில், வினாடிக்கு 60 தடவை ஒரு முழுப் படத்தைக் கணித்து அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞை ஒரு மெல்லிய கேபிளில் ஏறி, மூடியையும் உடலையும் இணைக்கும் பிணைச்சலின் ஊடாக மேலே போகிறது. திரையின் அடி விளிம்பில் ஒடுங்கலான ஒரு மின்சுற்றுப் பட்டி இருக்கிறது. கேபிள் அங்கே போய்ப் பொருந்துகிறது. அதற்கு அப்பால்தான் கண்ணாடிப் பலகம்.

பலகத்துக்குள் நடப்பது இன்னும் சுவையானது. அங்கே இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. பின்புறத்தில் ஒரு விளக்கு எப்போதும் வெண்மையாக எரிகிறது. இதைப் பின்விளக்கு என்போம். அதற்கு முன்னால் இலட்சக்கணக்கான மிகச் சிறிய யன்னல்கள் திறந்து மூடுகின்றன. 1920க்கு 1080 என்று விற்கப்படும் திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று யன்னல்கள். மொத்தம் 62 இலட்சத்துக்கு மேல்.

இந்த யன்னல்களின் கதவு திரவப் பளிங்கு என்னும் பொருள். அது திரவம்போல ஓடும்; ஆனால் அதன் மூலக்கூறுகள் பளிங்கில் நிற்பதுபோல ஓர் ஒழுங்கில் நிற்கும். 1888இல் பிராக் நகரில் தாவரவியலாளர் பிரெடரிக் ரைனிட்சர் ஒரு விந்தையைக் கண்டார். கொலஸ்திரோல் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினால் 145 பாகை செல்சியஸ் அளவில் கலங்கலாக உருகுகிறது. 178 பாகை அளவில் மறுபடி தெளிகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்தார். அந்தக் கலங்கல் நிலைதான் இன்று நம் மேசையில் படம் காட்டுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திசை திரும்பும். பலகத்தின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் முனைவாக்கி என்னும் தாள்கள், அந்தத் திசைக்கு ஏற்பக் கூடவோ குறையவோ ஒளியை வெளியே விடும்.

விளக்கு வேறு, யன்னல் வேறு என்பது புரிந்தால் முதற் சோதனையும் புரிந்துவிடும். அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் டோர்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். படம் மிக மங்கலாகத் தெரிந்தால் யன்னல்கள் வேலை செய்கின்றன, விளக்குத்தான் எரியவில்லை. அப்படியானால் சமிக்ஞையும் கண்ணாடியும் பெரும்பாலும் நல்லவை. பின்விளக்கையோ அதற்கு மின்சாரம் போகும் வழியையோ பார்க்க வேண்டும். ஓலெட் வகைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் அங்கே இந்தச் சோதனை பொருந்தாது.

அடுத்தது பக்கத்து வீட்டுக் குழாய். வீட்டுத் தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் மடிக்கணினியுடன் இணையுங்கள். விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'பி' விசையைத் தட்டினால், படத்தை எங்கே காட்டுவது என்ற தெரிவு மாறும். தொலைக்காட்சியில் படம் ஒழுங்காக வந்தால், வரைகலைச் சில்லு தன் வேலையைச் செய்கிறது. பழுது அதற்குப் பிறகுள்ள பாதையில் இருக்கிறது. திரையில் விழும் கோடுகளோ நிறக் குழப்பமோ அங்கும் தெரிந்தால் திரையைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒன்றுமே வராவிட்டால் கணினியே சரியாகத் தொடங்கவில்லை என்று ஐயப்படலாம். நினைவகச் சில்லு தன் இடத்தில் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

படம் வருகிறது, ஆனால் கோடுகள் விழுகின்றன என்றால் இன்னொரு எளிய வழி உண்டு. திரைப்பிடிப்பு ஒன்று எடுத்து, அதைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். திரைப்பிடிப்பு கணினியின் நினைவகத்தில் உள்ள படத்தின் பிரதி. கேபிளையும் கண்ணாடியையும் அது கடப்பதில்லை. அதில் கோடு இல்லையென்றால் கோடு பெரும்பாலும் கேபிளிலோ பலகத்திலோ பிறக்கிறது. பயோஸ் பக்கத்தையும் பார்க்கலாம். விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புப் பக்கம் அது. அங்கும் கோடு இருந்தால் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. அங்கே தெளிவாக இருந்து விண்டோஸில் மட்டும் குழம்பினால், வரைகலைச் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

கேபிளையும் பலகத்தையும் பிரித்தறிவது கொஞ்சம் கடினம். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் மறைந்தால், பிணைச்சலுக்குள் மடிந்து மடிந்து நைந்த கேபிள்மீது ஐயம் கொள்ளலாம். மூடியை ஒரு மூலையில் பிடித்து இழுத்துத் திறக்கும் பழக்கம் இந்த நைவை விரைவாக்கும். எப்போதும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் மெல்லிய கோடு பெரும்பாலும் கண்ணாடி விளிம்பின் ஒட்டு விட்டுப்போனதன் அடையாளம். மை சிந்தியதுபோலக் கருமை பரவினால் கண்ணாடி உள்ளே உடைந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் பலகத்தை மாற்றுவதுதான் வழி.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு மேலதிகமாக ஒன்று உண்டு, அது உப்பு. இங்குள்ள உப்புவெளி என்ற ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. அலை உடையும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகள் காற்றில் ஏறுகின்றன. விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது. படியும் உப்பு காய்ந்திருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சார்பு ஈரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் உள்ள பங்கு, ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புப் போத்தலில் நாம் காண்பது இதைத்தான்.

அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். திரைக் கேபிளின் இணைப்பியில் முள்ளுக்கு முள் இடைவெளி அரை மில்லிமீற்றர் அளவுதான். படச் சமிக்ஞையும் பின்விளக்குக்கான மின்சாரமும் அந்த நெருக்கத்திலேயே போகின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் மினுங்கி, கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் சும்மா இருக்கும் திரை என்றால், இணைப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் உண்டு. பச்சை பூத்திருந்தால், ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைப்பதிலேயே சில வேளை வேலை முடிந்துவிடும். குளிரூட்டிய அலுவலக அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கணினியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் பைக்குள்ளேயே விடுவதும் நல்லது. குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் பனிபோலப் படியும். திரையைத் துடைக்கும்போது தண்ணீரை அதன்மேல் நேரே தெளிக்க வேண்டாம். வழிந்து இறங்கும் நீர் அடி விளிம்பிலுள்ள மின்சுற்றுப் பட்டியில்தான் போய்ச் சேரும்.

பழுதே இல்லாத பழுது ஒன்றையும் சொல்லவேண்டும். மூடி மூடப்பட்டதைக் கணினி ஒரு காந்தத்தால் உணர்கிறது. கைத்தொலைபேசி உறையிலோ கைக்கடிகாரப் பட்டியிலோ உள்ள காந்தம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தாலும், மூடி மூடியதாக எண்ணித் திரை அணைந்துவிடும்.

பலகத்தை மாற்றத்தான் வேண்டும் என்றானால், பழைய பலகத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள இலக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். 15.6 அங்குலம் என்ற அளவு ஒத்திருந்தால் போதாது. இணைப்பியில் 30 முள் உள்ளவையும் உண்டு, 40 முள் உள்ளவையும் உண்டு. கழற்றுமுன் பற்றரியின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் கேபிளை இழுத்தால், தாய்ப்பலகையில் பின்விளக்குக்கு உள்ள உருகி எரிந்துபோகலாம். பிறகு புதுத் திரையும் இருட்டாகவே நிற்கும்.

திருத்துபவர்களை மட்டும் குறைசொல்வது சரியாகாது. ஒரு மணி நேரம் சோதித்துக் கேபிளைத் துடைத்துக் கொடுத்தால், "துடைத்ததற்கா காசு?" என்று கேட்கிறோம். பலகத்தை மாற்றினால் பேசாமல் கொடுக்கிறோம். சோதனைக்கும் கூலி உண்டு என்று நாம் ஒப்புக்கொண்டால், வீணாக மாற்றப்படும் பலகங்கள் குறையும் என்றே தோன்றுகிறது. அடுத்த முறை கணினியைக் கடையில் கொடுக்கும்போது "திரை போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். "தொலைக்காட்சியில் படம் வருகிறது, டோர்ச் அடித்தால் மங்கலாகத் தெரிகிறது" என்று கண்டதைச் சொல்லிக் கொடுங்கள்.