பண்டிகைக்கு மறுநாள்

கிறிஸ்துமஸ் பண்டிகையின் நல்லுணர்ச்சியை ஒரு நாளோடு விட்டுவிடாமல் ஆண்டு முழுவதும் போற்றவேண்டும் என்னும் உபதேசம் டிசம்பர்தோறும் தவறாமல் செய்யப்பட்டு வருகிறது. ஜனவரி பிறந்ததும் சொன்னவரும் கேட்டவரும் அதை மறந்துவிடுகின்றனர். இவ்வுபதேசத்தைப் பெரிதும் பரப்பியது, சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி 1843 டிசம்பர் 19ல் லண்டனில் வெளியான 'கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் சிறு கதை. ஆங்கிலம் கற்ற நம் வாசகர் பலர் அதை மாணவப் பருவத்திலேயே படித்திருப்பர். ஸ்க்ரூஜ் என்னும் கடின சித்தமுள்ள முதலாளி ஆவிகளைக் கண்டு மனந்திரும்பியது அவர்களுக்கு நினைவிருக்கும். திரும்பிய பின் அவன் தன் குமாஸ்தாவான பாப் க்ராட்சிட்டுக்குச் செய்தது என்ன என்பதே இன்று நாம் கவனிக்க விரும்பும் விஷயம்.

பண்டிகையன்று, அனுப்பியவர் பெயர் தெரியாதபடி, ஒரு பெரிய வான்கோழியைக் குமாஸ்தாவின் வீட்டுக்கு அனுப்பினான். மறுநாட் காலையில், பதினெட்டரை நிமிஷம் தாமதமாக வந்த அவனை அழைத்துச் சம்பளத்தை உயர்த்தினான். நாடகமாடுவோரும் படம் வரைவோரும் வான்கோழியையே பெரிதாகக் காட்டுகின்றனர். ஆனால் வான்கோழி இரண்டொரு நாளில் தீர்ந்திருக்கும்; சம்பள உயர்வோ அடுத்த டிசம்பர் வரையில் வாரந்தோறும் அவ்வீட்டு வாசலில் நுழைந்திருக்கும். ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் என்பதற்கு இதைத் தவிர வேறு பொருள் நமக்குத் தோன்றவில்லை.

க்ராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். உண்ணும் வாய்களோ எட்டு. வீட்டில் அடுப்பு போதாமையால் பண்டிகை வாத்து ரொட்டிக் கடைக்காரனின் அடுப்பில் வெந்தது. புட்டிங் துணி துவைக்கும் செப்புக் கொப்பரையில் வெந்தது. தொப்பிக் கடையில் வேலை பழகும் மூத்த பெண் மார்த்தா, முதல் நாளிரவு வேலை நீண்டதனால் பண்டிகை விருந்துக்கே தாமதித்து வந்தாள். குடும்ப சம்பிரதாயங்களைக் காக்கவேண்டுமென்று பிரசங்கம் செய்பவர்கள் மார்த்தாவை நினைக்கவேண்டும். வீடு திரும்ப நேரமில்லாத மகளும், பிள்ளைகள் உறங்கிய பின் வந்து சேரும் தகப்பனும் எந்தச் சம்பிரதாயத்தைக் காப்பது? அப்புத்தகத்தின் விலையே 5 ஷில்லிங், அதாவது க்ராட்சிட்டின் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. தன்னைப் பற்றிய கதையை வாங்கவும் அவனால் ஆகாது!

டிக்கன்ஸ் இதையெல்லாம் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். 1824ல் அவருடைய தந்தை கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவரான அவர் பூட்ஸ் மைத் தொழிற்சாலையில் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டினார். 1843ல் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய அரசாங்கக் கமிஷனின் அறிக்கையைப் படித்துக் கொதிப்படைந்து, துண்டுப் பிரசுரம் ஒன்று எழுத எண்ணினார். பிறகு அதை விடுத்துக் கதை எழுதினார். அக்கதை ஆறாயிரம் பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தது.

கதை மனத்தை இளக்கியது என்பதில் சந்தேகமில்லை. எனினும், ஆவி வந்து எழுப்பாத முதலாளிகளிடம் வேலை செய்தவர்களின் கதி என்ன? விடுமுறைகளின் வரலாறே இதற்குச் சான்று. இங்கிலாந்து பாங்கு முப்பதுக்கு மேற்பட்ட விடுமுறை நாட்களை 1834ல் நான்காகக் குறைத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளை பாங்கு விடுமுறையாக்க 1871ல் பார்லிமெண்டு சட்டம் செய்ய நேர்ந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த ஸர் ஜான் லப்பக் தாமே ஒரு பாங்கு முதலாளி என்பது வியப்புக்குரியது. சம்பளத்துடன் விடுமுறை அளிப்பதற்கான சட்டமோ 1938ல்தான் வந்தது.

சட்டத்தால் அன்பை உண்டாக்கவியலாது என்று சில நண்பர்கள் கூறுவர். மெய்தான், அன்பை உண்டாக்கும்படி நாமும் கேட்கவில்லை. மாலையில் தகப்பனை உரிய நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் போதும். அன்பை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். 1847ம் வருஷத்துப் பத்து மணிச் சட்டம் நெசவாலைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் மட்டுமே பயன்பட்டது. மார்த்தாவைப் போன்றவர்கள் வேலை செய்த சிறு பட்டறைகளைச் சட்டம் எட்டிப் பார்த்தது 1867ல். அதையும் நடத்தும் பொறுப்பு முதலில் உள்ளூர் அதிகாரிகளிடமே விடப்பட்டது.