கத்தரிக்கோல் யார் கையில்?

வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பம் உருப்படாது. அரசும் அப்படித்தான் என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால், மறுத்துப் பேச எவருக்கும் நா எழாது. சொல்வது எளிது, கேட்பதற்கும் இனிது. அந்த எளிய சொல்லைத்தான் 2003-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமாக்கிற்று. நிதிப் பொறுப்பு மற்றும் வரவு செலவு மேலாண்மைச் சட்டம் என்பது அதன் பெயர். 2000 டிசம்பரில் மசோதாவாக வந்து, 2003 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2004 ஜூலை 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழக சட்டமன்றமும் அதே 2003-இல் தனக்கென ஒரு நிதிப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது.

தோழர்களே, இது ஏதோ டெல்லிக் கணக்கர்களின் விவகாரம், பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் இதிலே என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். திருப்பூரின் தலைவிதியை எழுதும் பேனாக்களில் இதுவும் ஒன்று.

சட்டம் இரண்டு பற்றாக்குறைகளைப் பற்றிப் பேசிற்று. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிக்க வேண்டும் என்றது. நிதிப் பற்றாக்குறையை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 3 பங்காகக் குறைக்க வேண்டும் என்றது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. காதர்பேட்டையில் ஒரு சிறு முதலாளி, சனிக்கிழமைச் சம்பளம் போடுவதற்கே வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்றால், அது வருவாய்ப் பற்றாக்குறை. அந்தக் கடனோடு, புதிய பின்னல் எந்திரம் வாங்க வங்கியில் பெற்ற கடனையும் கூட்டினால், அது நிதிப் பற்றாக்குறை. முன்னது அழிவின் அறிகுறி. பின்னதைக் கண்டு அஞ்சுவதற்கு முன், கடன் எதற்காக என்று கேட்டாக வேண்டும்.

ஆனால் நடந்தது என்ன? 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வருவாய்ப் பற்றாக்குறைக்கு இருந்த இலக்கை மத்திய அரசு சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது! மொத்தக் கடனுக்கான இலக்கு நின்றது. கெட்ட கடனுக்கான இலக்கு போயிற்று. சம்பளத்துக்கு வாங்கினாலென்ன, எந்திரத்துக்கு வாங்கினாலென்ன, கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதும் என்பதே இன்றைய சட்டத்தின் பொருள்.

கடன் நல்லது என்று வாதாட நாம் வரவில்லை. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசின் மொத்தச் செலவு ஏறத்தாழ 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். அதிலே வட்டிக்கு மட்டும் 12 லட்சத்து 76 ஆயிரம் கோடி. நாலிலே ஒரு பங்கு! வட்டிக்குப் போகும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகாது. கடன் கொடுத்தவன் கைக்குத்தான் போகும். ஆகவே பற்றாக்குறையைக் குறைப்பதில் ஏழைக்கும் அக்கறை உண்டு. நம்முடைய கேள்வி வேறு: குறைப்பது என்று முடிவான பிறகு, கத்தரிக்கோல் யார் கையில்? அது எந்தத் துணிமீது பாய்கிறது?

பனியன் கம்பெனியிலே கட்டிங் மாஸ்டர் துணியை விரித்தவுடன் வெட்டிவிடுவதில்லை. அளவட்டை வைத்துக் கோடு போட்ட பிறகே கத்தி இறங்கும். நமது சட்டமோ, இத்தனை எடை துணியை வெட்டித் தள்ளு என்று மட்டும் சொல்கிறது. எங்கே வெட்டுவது என்று ஒரு கோடும் போடவில்லை. அமெரிக்காவில் 1985-இல் கிராம், ரட்மன், ஹாலிங்ஸ் என்ற மூன்று செனட்டர்களின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. இலக்குத் தவறினால் செலவுகள் தாமாகவே வெட்டுப்படும் என்றது அது. முதலாளித்துவ நாட்டின் கடுமையான அந்தச் சட்டம்கூட, முதியோர் ஓய்வூதியத்திலும் ஏழைகளுக்கான உணவு உதவியிலும் கத்தி படக்கூடாது என்று விலக்குப் பட்டியல் எழுதி வைத்தது. அதன் முக்கியப் பிரிவை அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியதும், இலக்குகள் எட்டாமலே போய் 1990-இல் வேறு சட்டம் வந்ததும் பிற்கதை. நம் சட்டத்தில் அத்தகைய பட்டியலே இல்லை.

பட்டியல் இல்லையென்றால் யார்மீது பாயும்? குரல் சிறுத்தவன் மீதுதான்.

நெசவு, பின்னலாடைத் தொழில்களில் புதிய எந்திரம் வாங்குவோரின் வங்கி வட்டியில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் 1999 ஏப்ரலில் தொடங்கிற்று. நம்பிக் கடன் வாங்கி எந்திரம் இறக்கினார்கள் நம்மூர்ச் சிறு தொழில் முனைவோர். ஒதுக்கிய பணம் தீர்ந்தது என்று 2010 ஜூன் இறுதியில் புதிய அனுமதிகள் நிறுத்தப்பட்டன. மறுபடி தொடங்கியது 2011 ஏப்ரலில். இடையிலே எந்திரம் வாங்கியவனுக்கு எந்திரம் நின்றது, வட்டி நிற்கவில்லை. ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சலுகைத் திட்டமோ 2024 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. எட்டே மாதம் கழித்து, 2025 ஆகஸ்ட் 27-இல், இந்தியச் சரக்குமீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. கேடயத்தைப் பிடுங்கிய பிறகு அம்பு வந்தது! புதிய ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோ அவ்வாண்டு நவம்பரில்.

இனி மறுபக்கம் பாருங்கள். 2019 செப்டம்பரில், கம்பெனிகளின் அடிப்படை வருமான வரி நூற்றுக்கு 30-இலிருந்து 22-ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே அறிவித்தது. அதிலே அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளிக்கும் பனியன் தையல்காரனுக்கும் என்ன பங்கு? அவர்களை விடுங்கள், முதலாளிக்காவது உண்டா? திருப்பூரின் சிறு கம்பெனிகளில் பெரும்பாலானவை தனியுடைமை, அல்லது கூட்டுப் பங்குத் தொழில். கம்பெனி வரி குறைந்தது அவர்கள் வாசற்படியைக்கூட எட்டவில்லை. ஆனால் வரியை விட்டுக்கொடுத்ததற்குச் சலுகை என்று பெயரில்லை, சீர்திருத்தம் என்று பெயர். வட்டியிலே சிறு உதவி கேட்டால் மட்டும் அது மானியம், பற்றாக்குறைக்குக் காரணம்!

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2022-23-இன் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கியது 60,000 கோடி. பிறகு தேவை அழுத்தவே 86,000 கோடியாக உயர்த்த நேர்ந்தது. ஊரிலே வேலை இல்லையென்றால் உழவுக்கூலி எங்கே போவான்? தென்மாவட்டத்துப் பேருந்திலும் பீகார் ரயிலிலும் ஏறித் திருப்பூருக்குத்தான் வருவான். ஆள் மிகுந்தால் கூலி குறையும். டெல்லியில் விழும் வெட்டு, செக்கிங் மேசைமுன் நிற்கும் பெண்ணின் வாரக்கூலியில் வந்து முடிகிறது.

நொய்யலையும் நினையுங்கள். சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமற் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தொழில் மீண்டும் எழுந்தது. நிதிப் பற்றாக்குறைக் கணக்கிலே அரசு கொடுக்கும் இத்தகைய கடனும் செலவாகச் சேரும்! பொதுத்துறை நிறுவனத்தின் பங்கை விற்றாலோ பற்றாக்குறை குறைந்ததாகக் கணக்கு. ஆற்றைக் காப்பாற்றுவது குற்றம், சொத்தை விற்பது புண்ணியம் என்று எழுதும் கணக்கை எப்படி அறக்கணக்கு என்பது?

மத்திய அரசு நெருக்கடி வந்தால் இலக்கைத் தள்ளிவைக்கிறது. 2020-21-இல் அதன் பற்றாக்குறை நூற்றுக்கு 9-ஐத் தாண்டிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் அது தவறல்ல. மாநிலமோ, அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசுக்குப் பாக்கி இருக்கும்வரை அதன் அனுமதியின்றிக் கடன் வாங்க முடியாது. மத்திய அரசு திரட்டும் மேல்வரிகளில் மாநிலத்துக்குப் பங்கும் இல்லை. 2020-21-இல் தமிழகத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்று 2021-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை கூறிற்று. அந்தப் பள்ளத்துக்கு மாநில ஆட்சிகளின் பிழையும் காரணம், மறைக்க வேண்டாம். ஆனால் ஒருவன் கையைக் கட்டி, இன்னொருவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, இருவரும் பொறுப்போடு நடங்கள் என்பது என்ன நீதி?

ஆகவே நாம் கேட்பது சட்டத்தை ஒழிப்பதையல்ல, அதற்குக் கோடு போடுவதை. விட்டுக்கொடுத்த வரிகளின் பட்டியல் 2006 முதல் வரவு செலவுத் திட்டத்தின் இணைப்பாக வருகிறது. அதற்கும் செலவுக்கு இருப்பது போன்ற உச்சவரம்பு வேண்டும். எந்தத் திட்டத்தை வெட்டினாலும், யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற குறிப்பு சபையின் முன் வைக்கப்பட வேண்டும். ரேஷன், கல்வி, மருத்துவம், தொழிலாளர் நலம் ஆகியவை விலக்குப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். அப்படியானால் ஆளாளுக்குத் தன் செலவே புனிதம் என்பார்களே என்று கேட்கலாம். என்பார்கள். அந்தச் சண்டை மன்றத்திலே, மக்கள் அறிய நடக்கட்டும் என்கிறோம். இன்று அது மார்ச் மாதத்து அலுவலக அறையில், சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

தோழர்களே, இந்த விவரங்களை ஷிப்ட் விடும் நேரத்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொண்டு செல்லுங்கள். பற்றாக்குறை குறைந்தது என்று அடுத்த முறை அமைச்சர் அறிவிக்கும்போது கைதட்டுவோரைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: குறைந்தது எவன் வீட்டில்?