கல்லூரி வாசலில் இறக்கிவைக்கும் பாட்டு

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் மின்சார ரயில் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று நின்று நின்று மாணவர்களை ஏற்றிக்கொள்கிறது. அவர்கள் கூட்டமாக ஏறிய பெட்டியில் கானா கேட்கும். பெட்டியின் தகரச் சுவர்தான் தாளம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கல்லூரியில் யாரும் கற்றுக்கொடுக்காமல், மேடையும் மைக்கும் இல்லாமல் நடக்கும் கலை இது. ஆனால் இந்தப் பாட்டு கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம். கலை என்று கல்லூரி ஒப்புக்கொள்வது பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை வரும் ‘கல்ச்சுரல்ஸ்’ மட்டும்தான்: சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், நடுவர்கள், சுழற்கோப்பை. மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது கலையும் மூட்டை கட்டப்பட்டுவிடும். வடசென்னைக் கல்லூரிகளில் கலை சாதாரண நாட்களின் வேலையாக மாற வேண்டும். கால அட்டவணையில் அதற்கு நேரம் வேண்டும், கட்டடத்தில் அறை வேண்டும், கற்பிப்பவருக்குச் சம்பளம் வேண்டும். அந்த வேலை மாணவர்கள் தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் கொண்டுவரும் கலையிலிருந்து தொடங்க வேண்டும்.

வடசென்னைக் கடற்கரைக்கு இது புதிய கோரிக்கை அல்ல. திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்தில் இலக்கணம் கற்பிக்கவென்றே ஒரு மண்டபம் இருந்தது. அதைப் பேண நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலின் ராஜராஜன் மண்டபத்தில் மூன்றாம் ராஜராஜன் அமர்ந்து, உறவாக்கின தலைக்கோலி என்ற கலைஞரின் நிகழ்ச்சியைக் கண்டு மகிழ்ந்து நிலக்கொடை அளித்ததை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் இளமையைக் கழித்தது மணலியில். தியாகராஜர் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியது திருவொற்றியூரில். அவருடைய சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த ஊரும் அதுவே. இன்று மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும்தான் நினைவுக்கு வருகின்றன. பழம்பெருமை பேசி அதைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இலக்கண மண்டபத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இடம் இருந்திருக்காது. அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: பாடத்துக்கும் ஆடலுக்கும் ஒரே வளாகம் இடம் கொடுத்தது, இரண்டுக்கும் நிலம் எழுதிவைத்தார்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடவில்லை.

நம் காலத்துக்கு நெருக்கமான முன்மாதிரி இலங்கையில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் சிங்கள மாணவர்களைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். படித்தவர்கள் அந்தக் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்த காலம் அது. 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’ என்று மாணவர்களே ஆடிய கூத்துகள் தொடர்ந்து வந்தன. நாடகம் படிக்க வந்தவர்கள் அல்ல அந்த மாணவர்கள். பட்டம் படிக்க வந்தவர்கள். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, கூத்தை ஆய்வுப் பொருளாகவும் கற்பித்தல் முறையாகவும் வளர்த்தார். வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1985இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் கலாசாரக் குழு, குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. போருக்குள் இருந்த மக்கள் தங்கள் துயரத்தை அதில் பார்த்தார்கள். ஊரின் கலை பல்கலைக்கழகத்துக்குள் வந்து, இருபது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் ஊருக்கே திரும்பிப்போன கதை இது. விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, மேடைச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார் என்ற விமர்சனம் வித்தியானந்தன் மீது உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைப் பொறுப்போடு முன்வைக்கக்கூடிய ஒரு தலைமுறை உருவாகவும் பல்கலைக்கழகக் கூத்துதான் ஒரு காரணம்.

வடசென்னையில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி வேலையைப் பற்றியது. பாரதி மகளிர் கல்லூரியிலும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியிலும் படிப்பவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பகலில் வகுப்பு, மாலையில் கடையிலோ கிடங்கிலோ வேலை. அவர்களுக்கு வேண்டியது சம்பளம், பறை அல்ல என்பார்கள். கவலை உண்மையானது, முடிவு தவறு. நேரம் இல்லை என்பது காரணமாக முடியாது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் தங்கள் கால அட்டவணையில் இடம் கண்டுபிடித்தன. மனம் இருந்தால் மணி நேரம் கிடைக்கிறது. படிப்புக்கும் கலைக்கும் பகை என்பதும் உண்மை அல்ல. மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், மிருதங்கத்தின் நடுவில் பூசும் கரும்பூச்சு எப்படி அந்தத் தோலிலிருந்து இசைவான சுரங்களை எழுப்புகிறது என்று ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அமெரிக்காவின் யேல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஒரு ஓவியத்தை நெடுநேரம் பார்த்து, கண்டதை மட்டும் விவரிக்கப் பழக்கினார்கள். நோயாளியைக் கவனிக்கும் திறன் அதனால் கூடியது என்ற ஆய்வு 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ராயபுரத்தின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன.

இந்தப் பயன்களைச் சொல்லும்போதே எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. கலையை வேலைக்கான பயிற்சி என்று மட்டும் நியாயப்படுத்தினால், அடுத்த ஆண்டு வேறொரு பயிற்சி வந்ததும் கலை வெளியே போகும். வடசென்னை மாணவருக்குக் கலை தேவைப்படுவதற்கு இன்னும் ஆழமான காரணம், அவர் வாழும் இடத்தைப் பற்றிய பேச்சு முழுக்கப் பிறர் கையில் இருப்பதுதான். எண்ணூர்க் கழிமுகத்தை எப்படிச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் விழுங்கின என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் பல ஆண்டுகள் மனு கொடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, அங்கேயே படம்பிடிக்கப்பட்ட ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தபோது, எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே கேட்டிராத பலருக்கு அது தெரிந்தது. நல்ல பாடல் அது. அதே கழிமுகத்தின் கரையில் வளர்ந்து, அதே நீரின் மாதிரியை வேதியியல் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய மாணவிக்கு, தான் அளந்ததைப் பாட்டாகவோ நாடகமாகவோ சொல்லிப் பழக ஒரு மணி நேரம் கிடைத்தால் அடுத்த பாடல் அங்கிருந்தே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படகுகளிலும் வலைகளிலும் படிந்தபோது, அந்த வீடுகளிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் கண்டதைக் கேட்கும் இடமாகக் கல்லூரி இருக்க வேண்டாமா?

கானா மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளையும் நேராகப் பார்க்க வேண்டும். பெண்களை இழிவுபடுத்தும் கானாக்கள் உண்டு. தாங்கள் வரும் பேருந்து, ரயில் தடத்தின் ‘ரூட்’ பெருமை பேசி எதிர்க் கல்லூரியைச் சீண்டும் கானாக்கள் உண்டு. அந்தப் பெருமை உயிரையும் குடித்திருக்கிறது: 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட ஒரு மாணவர் இறந்துபோனார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கானாவை எப்படி வகுப்புக்குள் விடுவது என்று பேராசிரியர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் வெளியே தள்ளியதால் அது திருந்தியதா? மாணவர்கள் பேருந்தை மறித்து ஏறிக் கொண்டாடும் ‘பஸ் டே’ தடை செய்யப்பட்ட பிறகும் 2019இல் மாணவர்கள் பேருந்துக் கூரையிலிருந்து விழுந்தார்கள். கூட்டம் மட்டுமே கேட்கும் பாட்டுக்குக் கைதட்டல் கிடைக்கும், விமர்சனம் கிடைக்காது. வகுப்பறையில் பாடினால் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவி இருப்பார். அந்த வரி எனக்கு ஏற்புடையதல்ல, ஏன் என்று சொல்கிறேன் என்பார். கானாவுக்குள்ளிருந்தே மாற்றம் வரும் என்பதற்குச் சான்றும் நம் முன் இருக்கிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாகப் பாடியபோது, கானா சாதிக்கு எதிரான குரலாக ஒலித்தது. ஆண்களே நிறைந்த அந்தக் களத்தில் அங்கே பாடிய வடசென்னைப் பெண் இசைவாணியை 2020இல் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பாடுவதற்கு இடமும் கேட்பதற்குப் பல தரப்பினரும் அமைந்ததால் நடந்த மாற்றம் இது.

நிர்வாகங்களின் அச்சம் வேறு வகை. சென்னை லயோலா கல்லூரியில் மாற்று ஊடக மையம் நடத்தும் வீதி விருது விழாவில் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நாட்டுப்புறக் கலைஞர்கள் வளாகத்துக்குள் வந்து ஆடுகிறார்கள், மாணவர்கள் அவர்களை வரவேற்று உபசரிக்கிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய முயற்சி. 2019இல் அந்த விழாவையொட்டி நடந்த ஓவியக் கண்காட்சி எதிர்ப்பைச் சந்தித்து, கல்லூரி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஒரு பெரிய தனியார் கல்லூரிக்கே இந்த நிலை என்றால், அரசுக் கல்லூரி முதல்வர் ஒருவர் எதற்கு வம்பு என்று நினைப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆண்டுக்கொருமுறை கூட்டம் கூட்டி, வெளிச்சம் போட்டு நடத்துவதால்தான் இந்த அபாயம் பெருகுகிறது என்று நினைக்கிறேன். வாரந்தோறும் ஒரு அறையில் நடக்கும் பயிற்சியில் கருத்து மோதல் பேச்சாகவே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

யாருக்கு இந்தக் கதவு திறக்கிறது என்பதும் முக்கியம். சென்னை ஐஐடி 2025–26 முதல் ஒவ்வொரு பி.டெக்., பி.எஸ். படிப்பிலும் கலைச் சாதனையாளர்களுக்கென்று இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியது. ஏற்கெனவே தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற, நுழைவுத் தேர்விலும் தேறிய மாணவருக்கு அது உதவும். ரயில் பெட்டியில் பாட்டுக் கட்டுபவருக்கு அந்த அங்கீகாரச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அவருக்குப் பொருத்தமானது வேறொன்று: கலைஞர்களையும் கைவினைஞர்களையும் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கப் பட்டியலிடுவதற்கான வழிகாட்டுதலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் முன்வைத்தது. அதைக் கையில் எடுத்தால், பட்டம் இல்லாத கானாப் பாடகரும் பறை ஆசானும் ஆசிரியராக உள்ளே வர முடியும். ஒரு நிபந்தனை உண்டு. கௌரவ விரிவுரையாளர்களைக் குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காக்கவைத்திருக்கும் அதே முறையில் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டால், கல்லூரி அவர்களுக்குச் செய்வது மரியாதை ஆகாது. அவர்களின் சம்பளம் கல்லூரியின் நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பாக வர வேண்டும்.

அறைக்கும் நேரத்துக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட் நடக்கிறது. முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும் இரண்டாம் ஷிப்டுக்கு வருகிறவர்களும் சந்திக்கும் நண்பகலில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இரு சாராரும் சேர்ந்து கற்கலாம். மாலை வேலைக்குப் போகும் மாணவரும் தவறவிட மாட்டார். முதல் ஆண்டுப் பாடமாக எதை வைப்பது என்று கேட்டால், வலை இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடிய அம்பாப் பாடல்களை வைக்கலாம். விசைப்படகும் எந்திரமும் வந்த பிறகு அவற்றைப் பாட வேண்டிய வேலையே குறைந்துவிட்டது. அவை நினைவில் இருப்பவர்கள் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே கல்லூரிகளில் படிக்கிறார்கள். வரும் ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போதே, பதிவு செய்யும் பொறுப்பை அந்தப் பேரப்பிள்ளைகளிடமும், பாடிக் கற்பிக்கும் பொறுப்பைச் சம்பளத்தோடு அந்த முதியவர்களிடமும் கொடுத்துத் தொடங்கலாம்.